தீவுத்திடலில் குறுக்கே வந்த நாய்

சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையை வளைத்து, இரவைப் பகலாக்க விளக்குப் போட்டு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் ஃபார்முலா 4 கார் பந்தயம் நடத்தினார்களே, நினைவிருக்கிறதா? அதில் யார் ஜெயித்தது என்று பெரியகுளம் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. குறுக்கே ஒரு நாய் ஓடியது எல்லாருக்கும் தெரியும். பந்தயத்தையே நிறுத்திவைத்த நாய். லைசென்ஸ் கிடையாது, ஹெல்மெட் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது, அப்பாவுக்கு மில் கிடையாது. அந்த இரண்டு நாளில் அடித்தட்டிலிருந்து வந்து அந்தப் பாதையில் ஓடிய ஒரே போட்டியாளர் அதுதான். அதையும் விரட்டிவிட்டார்கள்.

பந்தயம் முதலில் 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்தது. மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியதால் தள்ளிப்போனது. இல்லாவிட்டால் படகுப் போட்டியாக மாற்றியிருக்க வேண்டும். பிறகு வழக்கு. 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம், பந்தயத்தை நடத்திக்கொள்ளுங்கள், ஆனால் அரசு போட்ட 42 கோடியைப் பந்தயம் நடத்தும் தனியார் நிறுவனம் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆக, சட்டப்படி எல்லாம் சுத்தம். வயிற்றெரிச்சலுக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

இதனால் என்ன பலன் என்று கேட்டவர்களுக்கு வழக்கமான பதில்கள் வந்தன. முதலீடு வரும். சுற்றுலா வளரும். உலகமே நம் பக்கம் திரும்பும். கடைக்கோடி மாவட்டத்து இளைஞனுக்கும் ஊக்கம் பிறக்கும். முதல் மூன்றையும் சென்னைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாலாவது எங்கள் ஊர்ச் சமாசாரம்.

ஊக்கம் பிறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பெரியகுளம் வடகரையில் ஒரு ஒர்க்‌ஷாப், அதில் பத்தொன்பது வயதுப் பையன். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஜெட்டை வாயால் ஊதி அடைப்பெடுத்து, மாட்டி, ஒரு உதை உதைத்து, சத்தத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "அண்ணே, ஏர் ஸ்க்ரூவ அரைச் சுத்து குறைச்சா சரியாப் போகும்" என்பான். சரியாகவும் போகும். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் எந்தச் சோப்புக்கும் போகாது. இவன் பந்தயக்காரன் ஆக வழி என்ன? ஏழெட்டு வயதிலேயே கார்ட் ஓட்டத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வயதில் அவன் மாந்தோப்பில் கல்லெறிந்துகொண்டிருந்தான். போகட்டும். மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், தீப்பிடிக்காத உடுப்பு வாங்க வேண்டும், முத்திரை குத்திய ஹெல்மெட் வாங்க வேண்டும். பழகுவதற்கு ஓடுதளம் ஒன்று கோவை செட்டிபாளையத்தில், இன்னொன்று ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில். ஒரு நாள் பழகினால் ஒரு வாரக் கூலி காலி. டயர் தேய்ந்தால் மாதக் கூலி காலி. இதையெல்லாம் தாண்டி ஓர் அணியில் இடம் பிடிக்கக் கட்ட வேண்டிய தொகையைக் கேட்டால், அவன் அப்பா பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தைத் தேடுவார். வீடே வாடகை.

ஆகவே அவன் கும்பக்கரை ரோட்டில் ஓட்டுகிறான். பிடிபட்டால் வழக்கு, வண்டி ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும். சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கி, படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கும் ஊர்களும் உண்டு. பிடிப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரோட்டில் அப்படி ஓட்டுகிறவன் தான் மட்டும் சாவதில்லை. எதிரே புல்லுக்கட்டோடு வருகிற கிழவியையும் கூட்டிக்கொண்டு போகிறான். ஆனால் தீவுத்திடலைச் சுற்றி இருப்பதும் பொதுச்சாலைதான். அங்கே வேகமாக ஓட்டினால் தடுப்புவேலி, ஆம்புலன்ஸ், அமைச்சர் கையில் கொடி. இங்கே ஓட்டினால் எஃப்.ஐ.ஆர். 42 கோடியில் நூறில் ஒரு பங்கு 42 லட்சம். அதை வைத்து ஒரு மாவட்டத்தில், ஏதாவது ஒரு புறம்போக்கில், மண்ணைக் கெட்டிப்படுத்தி அரை கிலோமீட்டர் வட்டம் போட முடியுமா என்று எந்தக் கோப்பிலாவது ஒரு குறிப்பு இருக்குமா?

இந்த ஆட்டம் நம்மிடம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுதளம் சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1950களில் அதில் கார் ஓட்டத் தொடங்கினார்கள். வைக்கோல் கட்டும் டிரம்மும்தான் தடுப்பு. வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்ப் பந்தயத்தில் விட்டு, பிழைத்தால் அதே வண்டியில் வீடு திரும்பிய காலம். 1988இல் கோவை கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். அவர் மில் குடும்பத்துப் பிள்ளைதான், மறைக்கவில்லை. ஆனாலும், தெருவில் ஓடுகிற எஞ்சினை வைத்தே பந்தயக் கார் செய்யலாம் என்று யோசித்தார் பாருங்கள், அந்த யோசனைக்கு எந்த ஊர் மெக்கானிக்கும் கைதட்டுவான். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் ஓடுதளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயர் வைப்பதில் நாம் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 போனவர்கள் இரண்டே பேர். 2005இல் கோவை நாராயண் கார்த்திகேயன், 2010இல் சென்னை கருண் சந்தோக். இருவரும் தமிழ்நாடு. இருவரும் திறமைசாலிகள். இருவருடைய அப்பாக்களும் ராலி ஓட்டியவர்கள். திறமை பரம்பரையாக வரலாம். ஓடுதளத்துக் கேட்டுச் சாவியும் கூடவே வருவதுதான் நெருடுகிறது. உத்தரப் பிரதேசத்தில் பெரிய ஓடுதளம் கட்டி 2011 முதல் மூன்று வருடம் ஃபார்முலா 1 நடத்தினார்கள். அந்த மாநில அரசு, இது விளையாட்டே இல்லை, பொழுதுபோக்கு, வரி கட்டு என்றது. வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். அன்றைக்கு எல்லாரும் அந்த அரசைத் திட்டினோம். இன்றைக்கு யோசித்தால், அந்தக் கோப்பில் எழுதியவர் ரொம்ப நிதானமான ஆள் என்று படுகிறது.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்று ஓர் ஊர். அங்கே நகராட்சிக்குச் சொந்தமானது போமன் கிரே மைதானம். நடுவில் பந்து விளையாடும் திடல், சுற்றிலும் கால் மைல் ஓடுதளம், அவ்வளவே. 1949 தொடங்கி கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளில் உள்ளூர்க்காரர்கள் காரை முட்ட முட்ட ஓட்டுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப்புக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிற ஆட்கள். டிக்கெட் எடுத்து வந்து அவர்களைத் திட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட சின்ன ஓடுதளங்கள் அங்கேயும் ரியல் எஸ்டேட்டுக்குப் பலியாகின்றன. காப்பாற்ற வேண்டும் என்று கூடிக் கூடிப் பேசுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. மோட்டாரில் நமக்கு இழப்பதற்கே ஒன்றுமில்லை.

மாட்டில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தயம் என்றால் மாட்டுவண்டிப் பந்தயம். பல்லையும் உயரத்தையும் பார்த்து வகை பிரிப்பார்கள்: தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் ஃபார்முலா 4, 3, 2, 1 என்கிற பட்டியலைவிட இதில் கவிதையும் அதிகம், கறாரும் அதிகம். சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு கட்டவிட மாட்டார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டு. சின்ன மாட்டுக்குக் குறைந்த தூரம், பெரிய மாட்டுக்கு அதிகம். போய்த் திரும்புகிற எல்லையில் கொடி. அதை முதலில் எட்டும் வண்டிக்குக் கொடிப் பரிசு தனி.

கிளம்பும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். மூக்கணாங்கயிற்றை இருவர் இறுக்கிப் பிடித்திருக்க, காளையின் தொடைத்தசை தானாகத் துடிக்கும். வாயோரம் நுரை. சாரதி வாயே திறக்க மாட்டார். கண் முழுக்க நுகத்தடியில். பின்சாரதி வண்டியைத் தொட்டபடி ஓடத் தயாராக ஒரு காலை முன்னே வைத்திருப்பார், வேட்டி தார்ப்பாய்ச்சி. முன்னால் போகிற வேனில் மைக்காரர் வண்டிக்காரரின் ஊரையும் பேரையும் சொல்லி வாய் மூடுவதற்குள் துண்டு விழும். அப்புறம் தாரில் குளம்புச் சத்தமும் புழுதியும்தான். (மைக்கில் ஊர்ப் பேரோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். அது எது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த அழுக்கைத் தமிழர் வீரம் என்று பூசி மெழுக நான் தயாராக இல்லை.) வாலை முறுக்குவதும் தார்க்குச்சியால் குத்துவதும் நடக்கிறது. வண்டிக்கு இரண்டு பக்கமும் பைக்கில் கூவிக்கொண்டு போகிற இளவட்டங்கள் மாட்டையும் மிரட்டி, தானும் விழுந்து, ரோட்டோரம் நிற்கிறவனையும் சாய்க்கிறார்கள். இதற்கெல்லாம் விதி வேண்டும், மீறினால் தண்டனை வேண்டும். விதி வேண்டுமானால் முதலில் ஆட்டம் சட்டத்தில் இருக்க வேண்டும்.

இங்கேதான் பெரியகுளத்துக்காரர்கள் கொஞ்சம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினா திரண்டது. அப்போது முதலமைச்சர் யார்? எங்கள் பெரியகுளம் ஓ. பன்னீர்செல்வம். அவசரச் சட்டம் வந்தது. ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. எல்லாக் கட்சியும் ஆதரித்தது. தொண்டர்கள் அவருக்கு 'ஜல்லிக்கட்டு நாயகன்' என்று போஸ்டர் அடித்தார்கள். அந்தச் சட்டத்தில் ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா, மூன்றும் பெயரோடு இருக்கின்றன. மாட்டுவண்டிப் பந்தயம்? தேடிப் பாருங்கள். பள்ளத்தாக்கின் மைந்தர் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தபோது எழுதிய சட்டத்தில் பள்ளத்தாக்கின் பந்தயத்துக்கு ஒரு சொல்கூட ஒதுக்கவில்லை. எதிர்க்கட்சி வரிசையிலிருந்தும் யாரும் அதை எழுதிச் சேர்க்கவில்லை. அதே வருடம் மகாராஷ்டிரம் திருத்தம் கொண்டுவந்தது. அதில் மாட்டுவண்டிப் பந்தயம் என்று பளிச்சென்று எழுதிக்கொண்டார்கள். கர்நாடகம் கம்பளாவோடு மாட்டுவண்டியையும் எழுதிக்கொண்டது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு மூன்று மாநிலச் சட்டங்களையும் செல்லும் என்றது. மராட்டியன் வண்டி ஓடுகிறது. கன்னடன் வண்டி ஓடுகிறது. எங்கள் வண்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வராந்தாவில் நிற்கிறது.

சட்டத்தில் பெயர் இல்லாத ஆட்டத்துக்கு அனுமதி வாங்குவது தனி ஆட்டம். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் டிஎஸ்பியைப் பாருங்கள் என்பார்கள். டிஎஸ்பி அலுவலகத்தில், போக்குவரத்து பாதிக்கும், கால்நடை மருத்துவர் சான்று எங்கே, உறுதிமொழிப் பத்திரம் எங்கே? எல்லாம் கொடுத்தால் பதிலே வராது. பதில் வராததை எதிர்த்து மதுரைக் கிளையில் வழக்கு. நிபந்தனைகளோடு உத்தரவு கையில் கிடைக்கும்போது திருவிழா முடிந்து கும்பத்தைக் கரைத்திருப்பார்கள். இத்தனை தொல்லையும் கோயில் திருவிழாவுக்கு மட்டும். தலைவர் பிறந்தநாள் என்று நோட்டீஸில் போட்டுப் பாருங்கள், எந்தக் கட்சித் தலைவராக இருந்தாலும் சரி, ஆளுங்கட்சியாக இருந்தால் ரொம்பச் சரி. அதே ரோடு, அதே மாடு, அதே போக்குவரத்து. மாவட்டச் செயலாளர் கொடியசைப்பார், காவல்துறை ரோட்டை ஒதுக்கிக் கொடுக்கும். மாட்டின் உடல்நலம் அன்றைக்கு மட்டும் திடீரென்று தேறிவிடுகிறது.

இதற்கு நடுவே நாட்டு மாட்டுப் பாசம் வேறு. மேடைக்கு மேடை நாட்டு மாட்டைக் கட்டிப்பிடிக்கிறார்கள். தேனி மாவட்டத்து மலைமாடு பட்டி பட்டியாகக் காட்டோரம் மேய்ந்து வளர்கிற இனம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022இல் வனத்துக்குள் கால்நடை மேய்க்க நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அதைக் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. புலிக்கு இடம் வேண்டும்தான். மாடு எங்கே மேயும் என்று கேட்டால், அதை வனத்துறையைக் கேள் என்கிறது கால்நடைத் துறை.

இவ்வளவு புலம்புவதற்குப் பதில் ஒரே ஒரு கோரிக்கை வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றுகிறது. பெரியகுளத்துக்கும் ஒரு ஃபார்முலா 4 கொடுங்கள். தெருப் பந்தயம்தானே, தெரு எங்களிடமும் இருக்கிறது. தென்கரையில் கிளம்பி, வராக நதிப் பாலத்தைத் தாண்டி, வடகரையில் திரும்பி வந்தால் ஒரு சுற்று. உலகத்திலேயே கஷ்டமான ஓடுதளமாக இருக்கும். வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடையை எந்த ஐரோப்பிய ஓட்டுநரும் இதுவரை சந்தித்ததில்லை. குடிநீர்க் குழாய்க்கு வெட்டி மூடாத பள்ளத்தில் கார் இறங்கினால் டயர் மாற்ற ஆட்கள் ஓடி வர வேண்டாம். எதிரிலேயே பஞ்சர் கடை. மூன்றாவது வளைவில் ஷேர் ஆட்டோ, நாலாவது வளைவில் பூண்டு மூட்டை லாரி. பாதுகாப்புக் கார் தேவையில்லை. வடுகபட்டி டவுன் பஸ் முன்னால் போனால் யாராலும் முந்த முடியாது. நாய்களுக்குத் தனி அணி. ஆற்றங்கரையில் ஆண் மருதமரம் ஒன்று, பெண் மருதமரம் ஒன்று இருக்கின்றன. முக்கியஸ்தர்களை அங்கே நிழலில் உட்கார வைக்கலாம். மூக்கைப் பொத்திக்கொள்ளக் கைக்குட்டையை அவரவரே கொண்டுவர வேண்டும்.

சிரித்துவிட்டீர்கள் என்றால், சிரிக்க முடியாத பந்தயம் ஒன்றையும் பார்த்துவிடுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் மோட்டார் பந்தயமே இல்லை என்று யார் சொன்னது? தினமும் நடக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று ஊர் ஊராக ஜீப்புகள் கிளம்பும். உள்ளே ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள். உட்கார வேண்டியவர்களைப் போல இரண்டு மடங்கு ஆள்; மடிமேல் மடி, பின்னால் படியில் தொங்கிக்கொண்டு நாலு பேர். மடியில் தூக்குச்சட்டி. குமுளி மலையிலும் கம்பம்மெட்டிலும் 17 கொண்டை ஊசி வளைவுள்ள போடிமெட்டிலும் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போக வேண்டும். முந்திப் போய் இறக்கிவிட்டால் டிரைவருக்கு இன்னொரு டிரிப். பிந்திப் போனால் கங்காணி முகத்தைச் சுளிப்பார், கூலியில் கை வைப்பார். ஆகவே ஓட்டுகிறான். வளைவில் முந்துகிறான். பனியில் முந்துகிறான். ஓடுதளச் சான்று தர எஃப்.ஐ.ஏ. வருவதில்லை. தீவுத்திடலில் முதல் நாள் மழை பெய்ததும் சான்று வரும்வரை பந்தயத்தை நிறுத்திவைத்தார்கள். இங்கே மழை பெய்தால் தார்ப்பாயை இறக்கிக் கட்டுவார்கள்.

ஜீப் உருளும்போது வரும் செய்தியின் வடிவம் எங்களுக்கு மனப்பாடம். பலி எத்தனை, காயம் எத்தனை, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அனுமதி, நிவாரணம் அறிவிப்பு. மறுநாள் செக்போஸ்ட்டில் போக்குவரத்து அலுவலர்கள் நிற்பார்கள், அதிக ஆள் ஏற்றிய ஜீப்புக்கு அபராதம். அபராதத்துக்குப் பயந்து ஜீப் வராத நாளில் கூலியும் இல்லை. ஒரு வாரத்தில் செக்போஸ்ட் காலி. ஜீப் நிறையும். கார் ஓட்டத் தெரிந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பத்திரமாக வேகமாகப் போகப் பாதை போட்டவர்களுக்கு, கூலிக்குப் போகிற பெண்கள் பத்திரமாக மெதுவாகப் போக ஒரு பஸ் விடத் தெரியவில்லை. இதற்கு மேல் எந்த வார்த்தையும் அச்சில் வராது. வாயில் வருவது வேறு.

சட்டத்தில் 'எருதுவிடும் விழா'வுக்குப் பக்கத்தில் 'மாட்டுவண்டிப் பந்தயம்' என்று எழுதிச் சேர்க்க ஒரு மதியம் போதும். 2017இல் ஒரே நாளில் மசோதா கொண்டுவந்து அன்றைக்கே நிறைவேற்றிக் காட்டியவர்கள்தான் நம் சட்டமன்ற உறுப்பினர்கள். எழுதும்போதே தார்க்குச்சிக்கும், பக்கவாட்டில் வரும் பைக்குக்கும் தண்டனையையும் எழுதிவிடுங்கள். ஒர்க்‌ஷாப் பையன்களுக்கு மாவட்டத்துக்கு ஒரு மண் வட்டம் கொடுங்கள். டயரை அவர்களே தேற்றிக்கொள்வார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தோட்டம் வரைக்கும் பஸ் விடுங்கள். இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் பேசுங்கள். முதலில் அந்த பஸ். கொடியசைக்க யார் வேண்டுமானாலும் வரட்டும்.